“லைப்ரரி இல்லையாம், மாமா”: மூலநிரலிலிருந்து கொம்பைல் பண்ணும்போது கிடைக்காத லைப்ரரியைத் தேடிப் பிடிக்க முழுமையான வழிகாட்டி

மருமகன் கிளிநொச்சியிலிருந்து இரவு ஒன்பதரைக்குப் போன் எடுத்தான். மாரி மழை. கரண்ட் போய்ப் போய் வருகிற நேரம்.

“மாமா, லைப்ரரி இல்லையாம்.”

“ஆர் சொன்னது?”

“கொம்பியூட்டர்தான் சொல்லுது.”

“கொம்பியூட்டருக்குள்ள ஆர்?”

மறுபக்கம் சத்தமில்லை. நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருப்பான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் வேலை பாதி முடிந்த மாதிரி. லைப்ரரி என்றால் வேறு நிரல்கள் எடுத்துப் பாவிக்கும் ஆயத்த நிரல். “லைப்ரரி இல்லை” என்பது ஒரே பிழை இல்லை. நாலு வெவ்வேறு ஆட்கள், நாலு வெவ்வேறு நேரத்தில், நாலு வெவ்வேறு காரணத்துக்காகச் சொல்வது. ஆர் சொன்னது என்று பார்க்காமல் கூகிளில் கண்டதையெல்லாம் இன்ஸ்டோல் பண்ணினால் டேட்டா காட் முடியும், பிழை அப்படியே இருக்கும்.

விஷயம் இதுதான். தான் படித்த பள்ளிக்கூடத்தின் பழைய ஆண்டு மலர்களை அவன் ஸ்கேன் பண்ணி வைத்திருக்கிறான். இடம்பெயர்வுகளுக்குள் தப்பி வந்த சில பிரதிகள். படத்தை எழுத்தாக்க டெசரக்ட் என்ற மென்பொருள் வேண்டும். 1985 முதல் 1994 வரை எச்பி ஆய்வுகூடங்களில் உருவாகி, 2005இல் மூலநிரல் திறந்துவிடப்பட்டு, பிறகு கூகிளின் ஆதரவில் வளர்ந்தது அது. தமிழும் வாசிக்கும். அவனுடைய லப்டொப்பில் இருப்பது உபுண்டு 22.04 என்ற லினக்ஸ். அந்தப் பதிப்பின் பக்கேஜ் களஞ்சியம், அதாவது ஆயத்தமாகக் கட்டிய மென்பொருட்களை இறக்கும் இடம், தருவது டெசரக்ட் 4.1.1. அவனுக்கு வேண்டியது 5. உபுண்டு 24.04க்கு மாறினால் 5 தானாகவே வரும், அதுதான் சுகமான வழி என்றேன். முழு உபுண்டுவையும் டொங்கிள் டேட்டாவில் இறக்குவது அவனுக்குக் கட்டாது. ஆகவே மூலநிரலை எடுத்து கொம்பைல் பண்ண, அதாவது ஓடக்கூடிய நிரலாகத் தானே கட்டப் போனான், மாட்டிக்கொண்டான்.

அன்றிரவும் அடுத்த நாளும் போனில் சொன்னதைத்தான் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். கட்டளைகளையும் போனில் சொன்ன மாதிரியே உச்சரிப்பில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்து. பெரிய எழுத்து வரும் இடத்தைச் சொல்லுவேன். மாறி (ஒரு பெறுமதியை வைத்திருக்கும் பெயர்) என்று நான் சொல்வதெல்லாம் முழுக்கப் பெரிய எழுத்து. கோடு, புள்ளி, சாய்கோடு எல்லாம் நான் போட்ட இடத்தில் மட்டும். “லிப்” என்றால் எல், ஐ, பி என்ற மூன்று எழுத்து. “டெவ்” என்றால் டி, ஈ, வி.

தொடங்க முன்னம்: பிழையை ஒழுங்காகப் பிடித்து வைத்தல்

மூலநிரலைக் கட்டும் மேக் கட்டளை ஓடி முடிந்ததும் திரையில் கடைசியாக நிற்பது “மேக்: *** எரர் 1” என்ற வரி. அதைத்தான் எல்லாரும் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். அதில் ஒன்றுமில்லை. “எனக்குக் கீழே வேலை செய்த ஒருவர் தோற்றுவிட்டார்” என்று மேக் சொல்கிறது, அவ்வளவுதான். தோற்றவர் ஏன் தோற்றார் என்பது மேலே, சிலவேளை இருநூறு வரிக்கு மேலே இருக்கும். எப்போதும் முதல் பிழையைத் தேடுங்கள். மற்றவை அதன் குஞ்சுகள்.

அதற்கு வெளியீட்டை ஒரு பைலில் சேமிக்க வேண்டும்:

மேக் 2>&1 | டீ பதிவு.லொக்

மேக்குக்கு -ஜே4 என்று கொடுத்து நாலு வேலையை ஒரே நேரத்தில் ஓட விட்டிருந்தால், நாலு பேர் ஒரே நேரத்தில் கதைக்கிற மாதிரிப் பிழைகள் கலந்துவிடும். பிழை தேடும் நேரத்தில் -ஜே1. லப்டொப்பின் மொழி ஆங்கிலம் இல்லையென்றால் கட்டளைக்கு முன்னால் எல்சி_ஆல்=சி என்று பெரிய எழுத்தில் போடுங்கள். பிழை ஆங்கிலத்தில் வரும். நாம் தமிழில் எழுதினாலும், அந்த வரியை வலையில் தேடும்போது ஆங்கிலத்தில் இருந்தால்தான் ஏதும் கிடைக்கும்.

நாலு பேர்

எங்களுடைய சங்கக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒரு பலகை: என்ன சங்கம், களஞ்சியம் எங்கே இருக்கிறது. உள்ளே மேசையில் இருப்புப் புத்தகம்: என்னென்ன பொருள், எந்த அளவில். பின்னால் களஞ்சியத்தில் மூட்டை. லைப்ரரியும் இந்த மூன்று பாகம்தான். பலகை என்பது .பிசி என்று முடியும் சிறு பைல். புத்தகம் என்பது .எச் என்று முடியும் ஹெடர் பைல். மூட்டை என்பது .எஸ்ஓ என்று முடியும் பைல். உண்மையான நிரல் அதற்குள்தான்.

முதலில் வருபவர் கொன்பிகர், கட்டத் தொடங்க முன்னம் மெசினில் எல்லாம் இருக்கிறதா என்று சோதிக்கும் ஸ்கிரிப்ட். பலகையைத் தேடுவார். அடுத்து கொம்பைலர், அவருக்குப் புத்தகம் வேண்டும், மூட்டையை எட்டியும் பார்க்க மாட்டார். மூன்றாவது லிங்கர், மூட்டை இருக்கிறதா என்று பார்த்து அதன் இலக்கத்தை நிரலுக்குள் எழுதிவைப்பார். கடைசியில், நீங்கள் நிரலை ஓட்டும்போது லோடர் வந்து அந்த இலக்கத்தைக் காட்டி மூட்டையைக் கேட்பார்.

சும்மா மென்பொருளைப் பாவிப்பவருக்கு மூட்டை மட்டும் போதும். அதனால் லினக்ஸ் வகைகளான டெபியனும் உபுண்டுவும் ஒரு லைப்ரரியை இரண்டாகப் பிரித்துத் தருகின்றன. 22.04இல் லிப்லெப்ட்5 என்ற பக்கேஜ் மூட்டை. லிப்லெப்டோனிக்கா-டெவ் என்பது பலகையும் புத்தகமும். பெடோரா என்ற இன்னொரு லினக்ஸில் டெவ்வுக்குப் பதிலாக -டெவெல் என்று வரும். “அந்த லைப்ரரி என்னட்ட இருக்கே, பிறகேன் இல்லையெண்டுது?” என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் பதில் இதுதான்: மூட்டை இருக்கிறது, புத்தகம் இல்லை.

ஒன்று: கொன்பிகர் சொன்னால்

மருமகனை வரியை வாசிக்கச் சொன்னேன். “லெப்டோனிக்கா 1.74 அல்லது அதற்கு மேல் வேண்டும், லிப்லெப்டோனிக்கா-டெவ் பக்கேஜை இன்ஸ்டோல் பண்ணிப் பாருங்கள்” என்ற பொருளில் வாசித்தான். டெசரக்ட் படத்தைத் திறக்கவும் சுத்தம் பண்ணவும் பாவிக்கும் லைப்ரரி லெப்டோனிக்கா. பக்கேஜின் பெயரையே பிழைக்குள் எழுதி வைத்த புண்ணியவான்கள்! இவன் அந்தப் பாதியை வாசிக்கவில்லை. லெப்டோனிக்கா என்று மட்டும் தட்டி, “அப்பிடியொரு பக்கேஜே இல்லையாம் மாமா” என்று குழம்பியிருக்கிறான்.

இங்கேதான் பெயர்ச் சிக்கல். இறைப்பு மெசினுக்குச் சாமான் வாங்கக் கடைக்குப் போனவர்களுக்குத் தெரியும். புத்தகத்தில் ஒரு பெயர், மெக்கானிக் சொல்வது ஒரு பெயர், கடைக்காரரின் வாயில் மூன்றாவது பெயர். லெப்டோனிக்காவுக்கு எத்தனை பெயர் என்று பாருங்கள். திட்டத்தின் பெயர் லெப்டோனிக்கா. பலகையில் எழுதியிருப்பது வெறும் லெப்ட், அதாவது எல், ஈ, பி, ரி. பக்கேஜ் லிப்லெப்டோனிக்கா-டெவ். ஹெடர் பைலுக்கு ஆல்ஹெடர்ஸ்.எச் என்று சம்பந்தமேயில்லாத பெயர். மூட்டை லிப்லெப்ட்.எஸ்ஓ, 1.83ஆம் பதிப்பிலிருந்து அதுவும் லிப்லெப்டோனிக்கா.எஸ்ஓ. இந்த ஐந்து பெயருக்கும் இடையே மொழிபெயர்க்கத் தெரிவதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி.

மொழிபெயர்ப்பாளர் ஆப்ட்-பைல் என்ற கருவி. இன்ஸ்டோல் பண்ணி, ஒருதரம் சூடோ ஆப்ட்-பைல் அப்டேட் (சூடோ என்றால் நிர்வாகி அனுமதியோடு) என்று கொடுக்க வேண்டும். அது எல்லாப் பக்கேஜ்களின் பைல் பட்டியலையும் இறக்கும், சின்னப் பட்டியல் இல்லை, டேட்டா நல்லாக இருக்கிற நாளில் செய்யுங்கள். அதற்குப் பிறகு:

ஆப்ட்-பைல் சேர்ச் லெப்ட்.பிசி

எந்தப் பக்கேஜுக்குள் அந்தப் பலகை இருக்கிறதென்று சொல்லிவிடும். பெடோராவில் டிஎன்எப் புரொவைட்ஸ் என்று கேட்டு, பைலின் பெயருக்கு முன்னால் */ போட்டு, முழுவதையும் ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள்.

இன்ஸ்டோல் பண்ணிய பிறகு கொன்பிகரை ஓட்ட முன்னம், அவர் கேட்கும் அதே ஆளிடம் நாமே கேட்டுப் பார்க்கலாம்:

பிகேஜி-கொன்பிக் --மொட்வேர்ஷன் லெப்ட்

இலக்கம் ஒன்று வந்தால் பலகை கண்ணில் படுகிறது என்று அர்த்தம். இலக்கம் 1.74க்குக் குறைவென்றால் லைப்ரரி இருக்கிறது, பழசு. “தேடும் பாதையில் இல்லை” என்று வந்தால், ஒன்றில் டெவ் பக்கேஜ் இல்லை, அல்லது லைப்ரரியை நீங்களே வேறு இடத்தில் கொம்பைல் பண்ணி வைத்திருக்கிறீர்கள். இரண்டாவது என்றால் அந்த .பிசி பைல் இருக்கும் போல்டரைப் பிகேஜி_கொன்பிக்_பாத் என்ற மாறியில், எல்லாம் பெரிய எழுத்தில், எக்ஸ்போட் பண்ண வேண்டும். வீட்டுப் போல்டருக்குள் வைத்தவர்களுக்கு அது பெரும்பாலும் $ஹோம்/.லோக்கல்/லிப்/பிகேஜிகொன்பிக் என்று இருக்கும். இதில் டொலர் குறிக்குப் பின்னால் வரும் ஹோம் பெரிய எழுத்து. சில டிஸ்ட்ரோக்களில், அதாவது லினக்ஸ் வகைகளில், லிப் இருக்கவேண்டிய இடத்தில் லிப்64 என்று போய் உட்கார்ந்திருக்கும். அதையும் பாருங்கள்.

இன்னொரு வகைப் பிழை: கொன்பிகர் இத்தனையாம் வரியில் “சின்டக்ஸ் எரர்” என்று விழும். மூலநிரல் பழுது என்று நினைத்து மறுபடி இறக்கப் போகாதீர்கள். பிகேஜி-கொன்பிக்கோ ஓட்டோகொன்ப்-ஆர்கைவோ இல்லாத மெசினில், கொன்பிகரை உண்டாக்கும் ./ஓட்டோஜென்.எஸ்எச் ஓடினால், விரித்து எழுதப்பட வேண்டிய ஒரு சொல் விரியாமல் அப்படியே கொன்பிகருக்குள் போய்விடும். அந்த இரண்டையும் போட்டுவிட்டு ஓட்டோஜென்னிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். கொன்பிகரை மட்டும் திருப்பி ஓட்டினால் அதே இடத்தில்தான் விழும்.

எதுவும் புரியாவிட்டால் கொன்பிக்.லொக் என்ற பைலைத் திறவுங்கள். கொன்பிகர் செய்து பார்த்த ஒவ்வொரு சோதனையும், அதற்குக் கிடைத்த உண்மையான பதிலும் அதற்குள் இருக்கும். நேரே கடைசிக்குப் போகவேண்டாம். கடைசியில் இருப்பது மாறிகளின் நீண்ட பட்டியல். லெப்ட் என்று தேடி, முதலில் தோற்ற இடத்துக்குப் போங்கள்.

ஒரு விஷயத்துக்குப் பதறவேண்டாம். கொன்பிகர் ஓடும்போது “இருக்கிறதா... இல்லை” என்று நிறைய வரிகள் போகும். அவற்றில் பெரும்பாலானவை விருப்பத் தேர்வு. டெசரக்டில் ஐசியு, பாங்கோ, கைரோ மூன்றும் இல்லையென்றால் (டெசரக்டுக்கு எழுத்துகளைப் பழக்கும்) பயிற்சிக் கருவிகளைக் கட்ட முடியாது என்று கடைசியில் சொல்லும். மலரை வாசிக்க அந்தக் கருவிகள் தேவையில்லை. மருமகன் அந்த மூன்றையும் இறக்கத் தொடங்கிவிட்டான், நிற்பாட்டினேன்.

கொன்பிகருக்குப் பதிலாக சிமேக் பாவிக்கிற திட்டங்களில் கதை இதேதான், பலகையின் பெயர்தான் வேறு. அது இன்னகொன்பிக்.சிமேக் என்ற மாதிரி ஒரு பைலைத் தேடும் (“இன்ன” என்ற இடத்தில் லைப்ரரியின் பெயர், கொன்பிக்கின் முதல் எழுத்து பெரும்பாலும் பெரிய எழுத்து). ஆப்ட்-பைலில் அதைத் தேடுங்கள். சொந்தமாகக் கட்டியதென்றால் சிமேக்_பிரிபிக்ஸ்_பாத் மாறியில் அந்த இடத்தைக் கொடுங்கள். முக்கியமானது: சிமேக் பழைய தேடல் முடிவுகளைக் கேஷில் வைத்திருக்கும். லைப்ரரியைப் போட்ட பிறகும் பழைய கதையையே சொன்னால் பில்ட் போல்டரை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். அரை மணித்தியாலம் மண்டையைக் குழப்புவதை விட அது மலிவு.

இரண்டு: கொம்பைலர் சொன்னால்

“பேட்டல் எரர்”, பிறகு ஒரு .எச் பைலின் பெயர், பிறகு “நோ சச் பைல்”. இது சுகமான பிழை. பைலின் பெயரை அவரே சொல்லிவிட்டார். ஆப்ட்-பைலில் கொடுத்தால் பக்கேஜ் வரும். அடிக்கடி வருபவை சில மனதில் இருந்தால் டேட்டா மிச்சம்: பைதன்.எச் (இதில் முதல் எழுத்து பெரிய எழுத்து) என்றால் பைதன்3-டெவ், ஓப்பன்எஸ்எஸ்எல்/எஸ்எஸ்எல்.எச் என்றால் லிப்எஸ்எஸ்எல்-டெவ், கேர்சஸ்.எச் என்றால் லிப்என்கேர்சஸ்-டெவ், பிஎன்ஜி.எச் என்றால் லிப்பிஎன்ஜி-டெவ், இசட்லிப்.எச் என்றால் இசட்லிப்1ஜி-டெவ். அந்தக் கடைசியில் 1ஜி எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். 90களில் லினக்ஸ் பழைய சி லைப்ரரியிலிருந்து ஜிலிப்சிக்கு மாறியபோது, புதியதை வேறுபடுத்த ஒட்டிய ஜி அது. மாற்றம் முடிந்து எத்தனையோ வருடம். ஜி மட்டும் போகவில்லை.

டெவ் பக்கேஜ் இருந்தும் ஹெடர் கிடைக்கவில்லை என்றால், அது வேறு போல்டருக்குள் இருக்கிறது. ஆல்ஹெடர்ஸ்.எச் இருப்பது /யூஎஸ்ஆர்/இன்குளூட்/லெப்டோனிக்கா என்ற போல்டரில். நிரல் எழுதியவர் போல்டரின் பெயரைச் சேர்த்துக் கேட்டிருந்தால் கிடைக்கும், வெறும் ஆல்ஹெடர்ஸ்.எச் என்று கேட்டிருந்தால் கிடைக்காது. அப்போது சிபிபிபிளாக்ஸ் என்ற மாறியில் -ஐ என்று பெரிய எழுத்தைப் போட்டு, இடைவெளி விடாமல் அந்தப் போல்டரை ஒட்டிக் கொடுக்க வேண்டும். டெசரக்ட் போன்ற ஒழுங்கான திட்டத்தில் இது அரிது. தனியாள் ஒருவர் தன் மெசினில் ஓடினால் போதும் என்று எழுதின மேக்பைலில் அடிக்கடி வரும்.

மூன்று: லிங்கர் சொன்னால்

பிழை வரியில் எல்டி என்ற பெயரைக் கண்டால் அது லிங்கர். அவர் சொல்வது இரண்டு வகை. இரண்டையும் ஒன்றென்று நினைத்து நானே ஒருகாலம் பல இரவுகளை வீணாக்கியிருக்கிறேன்.

முதல் வகை, “-எல்லெப்ட் கிடைக்கவில்லை”. -எல் என்பதற்குப் பின்னால் வருவது பெயர்; அதற்கு முன்னால் லிப் போட்டு, பின்னால் .எஸ்ஓ போட்டு லிங்கர் தேடுவார். லிப்லெப்ட்.எஸ்ஓ. அது இல்லாவிட்டால் லிப்லெப்ட்.ஏ. மூட்டைப் பக்கேஜில் இருப்பது லிப்லெப்ட்.எஸ்ஓ.5, கடைசியில் இலக்கத்தோடு. இலக்கம் இல்லாத பெயர் டெவ் பக்கேஜோடுதான் வரும். ஆகவே எல்எஸ் கட்டளையால் பைல் பட்டியலைப் பார்த்து “கிடக்குதே!” என்று சொல்ல முன்னம் வாலையும் பாருங்கள். எங்கெங்கே தேடினார் என்று அவரிடமே கேட்கலாம்:

எல்டி -எல்லெப்ட் --வேர்போஸ்

திறக்க முயன்று தோற்ற ஒவ்வொரு இடத்தையும் வரிசையாகச் சொல்வார். உங்கள் லைப்ரரி இருக்கும் போல்டர் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், எல்டிபிளாக்ஸ் மாறியில் -எல் என்று பெரிய எழுத்தில் போட்டு அந்தப் போல்டரைக் கொடுங்கள். பெரிய எல் போல்டருக்கு, சின்ன எல் லைப்ரரிக்கு. “ஸ்கிப்பிங் இன்கம்பட்டிபிள்” என்று சொன்னால் லைப்ரரி இருக்கிறது, ஆனால் வேறு வகை மெசினுக்குரியது. 32 பிட்டும் 64 பிட்டும் கலந்துவிட்டது.

இரண்டாவது வகை, “அன்டிபைன்ட் ரெபரன்ஸ்”, பின்னால் பிக்ஸ்ரீட் என்ற மாதிரி ஒரு பெயர். இது லைப்ரரி இல்லை என்ற பிழையே இல்லை. புத்தகத்தில் இருந்த பொருளை மூட்டைக்குள் காணவில்லை என்று சொல்கிறார். மூட்டையின் பெயரையே ஒருவரும் அவரிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம்; -எல்லெப்ட்டைச் சேர்க்க வேண்டும். சொல்லியும் வந்தால் வரிசையைப் பாருங்கள். லிங்கர் இடமிருந்து வலமாக ஒருதரம்தான் போவார்.

ஜிசிசி -எல்லெப்ட் சோதனை.சி

இப்படிக் கொடுத்தால் உபுண்டுவில் தோற்கும். லெப்ட்டைப் பார்த்த நேரத்தில் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. தேவையில்லை என்று விட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஜிசிசி சோதனை.சி -எல்லெப்ட்

இது வேலை செய்யும். அதனால்தான் கொன்பிகருக்கு -எல் வகையறாக்களை எல்டிபிளாக்ஸில் கொடுக்காமல் லிப்ஸ் என்ற மாறியில் கொடுக்கச் சொல்வது. லிப்ஸ் கட்டளையின் கடைசியில் வரும். மூன்றாவது காரணம் கொஞ்சம் பொல்லாதது: புத்தகம் ஒரு பதிப்பினுடையது, மூட்டை இன்னொன்றினுடையது. எப்போதோ கையால் கட்டி /யூஎஸ்ஆர்/லோக்கலில் விட்ட பழைய ஹெடர் பைல்களை, ஆப்ட் (உபுண்டுவின் இன்ஸ்டோல் கருவி) போட்ட புதியவைக்கு முன்னால் கொம்பைலர் எடுத்துவிடுவார். பைன்ட் கட்டளையால் /யூஎஸ்ஆர் முழுக்க ஆல்ஹெடர்ஸ்.எச் என்று தேடுங்கள். இரண்டு இடத்தில் வந்தால் கள்ளன் பிடிபட்டான்.

நாலு: லோடர் சொன்னால்

அடுத்த நாள் மத்தியானம் மருமகன் மறுபடி எடுத்தான். மேக் முடிந்தது, சூடோ மேக் இன்ஸ்டோல் முடிந்தது, டெசரக்ட்டை ஓட்டினால் லிப்டெசரக்ட்.எஸ்ஓ.5 என்ற ஷெயார்ட் லைப்ரரியைத் திறக்க முடியவில்லையாம். தானே கட்டியது, தானே இன்ஸ்டோல் பண்ணியது, பத்து நிமிடத்துக்கு முன்னம் கண்ணால் கண்டது. “இருக்கு மாமா, சத்தியமா இருக்கு.”

இருக்கிறதுதான். /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் போல்டரில் இருக்கிறது. ஆனால் லோடர் ஒவ்வொரு முறையும் போல்டர் போல்டராகத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். ஒரு பதிவேட்டை வைத்திருப்பார். அதில் பெயர் ஏறாதவரைக்கும் மூட்டை களஞ்சியத்தில் கிடந்தாலும் இல்லாததுதான். பங்கீட்டு அட்டையில் பெயர் ஏறாமல் வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பதிவேட்டைப் புதுப்பிக்கும் கட்டளை:

சூடோ எல்டிகொன்பிக்

பெயருக்குள் கோடு இல்லை. உபுண்டுவிலும் டெபியனிலும் /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் ஏற்கனவே பதிவேட்டுக்குரிய போல்டர்களில் ஒன்று என்பதால் இது போதும். பெடோராவில் அப்படியில்லை. /இடிசி/எல்டி.எஸ்ஓ.கொன்ப்.டி என்ற போல்டருக்குள் .கொன்ப் என்று முடியும் ஒரு பைலை உண்டாக்கி, லைப்ரரி இருக்கும் போல்டரின் பாதையை அதில் ஒரு வரியாக எழுதிவிட்டுத்தான் எல்டிகொன்பிக் ஓட்ட வேண்டும்.

எது குறைகிறது என்று முழுதாகப் பார்க்க:

எல்டிடி /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்/டெசரக்ட்

“நொட் பவுண்ட்” என்ற வரிகள்தான் வேலைக்குரியவை. இதை இன்ஸ்டோல் பண்ணிய பைலில் ஓட்டுங்கள். பில்ட் போல்டருக்குள் இருக்கும் டெசரக்ட் என்ற பைல் உண்மையில் லிப்டூல் எழுதி வைத்த ஒரு ஸ்கிரிப்ட்; அதில் ஓட்டினால் எல்டிடி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். யாரோ அனுப்பின, நம்பிக்கையில்லாத நிரலில் எல்டிடி ஓட்டவும் வேண்டாம். சில சந்தர்ப்பங்களில் அது அந்த நிரலையே இயக்கிவிடக்கூடும்.

எல்டி_லைப்ரரி_பாத் என்ற மாறியைப் பெரிய எழுத்தில் செட் பண்ணச் சொல்லிப் பலர் ஆலோசனை தருவார்கள். சோதித்துப் பார்க்க நல்லது. அதைக் கொண்டுபோய் .பாஷ்ஆர்சிக்குள் நிரந்தரமாக எழுதி வைத்தால், மூன்று மாதம் கழித்து வேறேதோ நிரல் தப்பான லைப்ரரியை எடுத்துக்கொண்டு விழும். காரணம் உங்களுக்கு மறந்தே போயிருக்கும். வீட்டுப் போல்டருக்குள் கட்டுபவர்கள் கொன்பிகர் நேரத்திலேயே எல்டிபிளாக்ஸில் -டபிள்யூஎல்,-ஆர்பாத், என்று போட்டுப் போல்டரைக் கொடுத்துவிடலாம். டபிள்யூ பெரிய எழுத்து, எல் சின்ன எழுத்து. பாதை நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டுவிடும்.

எல்டிகொன்பிக் ஓட்டிய பிறகு மருமகனுக்கு டெசரக்ட் ஓடியது, ஆனால் முன்னமே திறந்து கிடந்த இன்னொரு டேர்மினலில் பதிப்பு 4.1.1 என்று காட்டியது. முன்னம் ஆப்ட்டால் போட்ட பழையதை அந்த டேர்மினல் நினைவில் வைத்திருந்தது. விச் -ஏ டெசரக்ட் என்று கேட்டால் இரண்டு இடமும் தெரியும். ஹாஷ் -ஆர் என்று கொடுத்தாலோ டேர்மினலை மூடித் திறந்தாலோ புதியது வரும்.

மண்ணெண்ணெய் வைத்தியம்

வலையில் தேடினால் ஒரு குறுக்குவழி கட்டாயம் வரும்: எஸ்ஓ.5 கேட்கிறது, உங்களிடம் இருப்பது எஸ்ஓ.6, ஆகவே 6க்கு 5 என்று பெயர் வைத்து எல்என் -எஸ் கட்டளையால் ஒரு இணைப்பைப் போடு. ஓடும். 90களில் பொருளாதாரத் தடைக்குள் வன்னியில் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடின மாதிரி ஓடும். சூப்பியால் ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பின்னால் புகை கக்கிக்கொண்டு. அன்றைக்கு வேறு வழியில்லை. இன்றைக்கு இருக்கிறது. அந்த இலக்கம் மாறியதன் அர்த்தமே உள்ளமைப்பு மாறிவிட்டது, பழைய நிரலோடு ஒத்துப்போகாது என்பதுதான். பெயரை மாற்றி ஏமாற்றினால் உடனே விழாமல், நூறாவது பக்கத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போது விழும். அல்லது விழாமலே பிழையான எழுத்தைத் தரும். அது இன்னும் மோசம்.

யாரோ ஒருவருடைய தளத்திலிருந்து தனி .எஸ்ஓ பைலை இறக்கி /யூஎஸ்ஆர்/லிப்புக்குள் போடுவதும் வேண்டாம். அதற்குள் என்ன இருக்கிறதென்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

டேட்டா இல்லாத ஊரில்

துணுக்காயிலோ நெடுங்கேணியிலோ, சிக்னல் பிடிக்க வளவு மூலைக்குப் போகவேண்டிய வீட்டில் இருப்பவர்களுக்கு இது. எதை இறக்கினாலும் முதலில் -எஸ் என்று சேர்த்து ஆப்ட்டிடம் ஒத்திகை கேளுங்கள். என்னென்ன சேர்ந்து வரும் என்று காட்டிவிட்டு, ஒன்றும் செய்யாமல் நிற்கும்.

பெரிய திட்டமென்றால் சூடோ ஆப்ட் பில்ட்-டெப் டெசரக்ட் என்ற கட்டளை இருக்கிறது. களஞ்சியத்திலுள்ள பதிப்பைக் கட்டத் தேவையான எல்லா டெவ் பக்கேஜையும் ஒரே தடவையில் கொண்டுவரும். பழைய பதிப்பின் தேவையும் புதியதன் தேவையும் பெரும்பாலும் ஒன்றுதான். அதற்கு மூலநிரல் களஞ்சியத்தை முதலில் இயக்க வேண்டும், 22.04இல் சொப்ட்வெயார் அன்ட் அப்டேட்ஸ் ஜன்னலில் சோர்ஸ் கோட் என்பதற்குச் சரி போட்டால் போதும். நான் சுகமான லைன் இருக்கும் இடத்தில் இதைத்தான் முதலில் செய்வேன். டொங்கிளில் செய்யமாட்டேன், பயிற்சிக் கருவிகளுக்குரியதையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும்.

லைன் இல்லாவிட்டால் முகவரியை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்:

ஆப்ட்-கெட் இன்ஸ்டோல் --பிரின்ட்-யூஆர்ஐஸ் -வை லிப்லெப்டோனிக்கா-டெவ் > பட்டியல்

ஒவ்வொரு வரியிலும் ஒற்றை மேற்கோளுக்குள் இருப்பது இறக்கவேண்டிய முகவரி. அந்தப் பட்டியலைப் பென்டிரைவில் போட்டு டவுனில் ஒரு கொமினிகேசனுக்கோ, அறிவியல் நகரில் பொறியியல் பீடத்தில் படிக்கும் கூட்டாளியிடமோ கொடுத்து .டெப் பைல்களை இறக்கி வாருங்கள். பட்டியல் எடுத்த அதே நாளில், அல்லது அடுத்த நாளில். கிழமைக் கணக்கில் விட்டால் பதிப்பு மாறி முகவரி செத்துவிடும். கொண்டுவந்ததை ஒரு போல்டரில் போட்டு சூடோ ஆப்ட் இன்ஸ்டோல் ./*.டெப் என்று கொடுங்கள். கூட்டாளியின் மெசினும் உபுண்டு 22.04தான் என்றால், அவர் போட்ட பக்கேஜ்கள் /வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்கைவ்ஸ் போல்டரில் கிடக்கலாம், அதையும் பாருங்கள். வேறு பதிப்பு என்றால் தொடவேண்டாம்.

கடைசிப் போன்

பின்னேரம் மூன்றாவது தடவையாக எடுத்தான்.

“மாமா, இப்ப வேறயொண்டு இல்லையாம்.”

நான் வாய் திறக்க முன்னம் அவனே சொன்னான்: “டெசரக்ட்தான் சொல்லுது. லோடர் இல்லை. டாம்.ட்ரெயின்ட்டேட்டா எண்ட பைலைத் திறக்கேலாதாம்.”

இது லைப்ரரியே இல்லை; தமிழ் எழுத்துகளைப் பழக்கிய தரவு. மூலநிரலிலிருந்து கட்டும்போது மொழித் தரவு கூட வராது. /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷெயார்/டெஸ்டேட்டா போல்டரில் அதைத் தேடும். நாங்கள்தான் கொண்டுபோய் வைக்க வேண்டும். அவன் பழைய 4.1.1ஐப் போட்டபோது டெசரக்ட்-ஓசிஆர்-டாம் என்ற பக்கேஜையும் போட்டிருந்தான். அதன் தரவு /யூஎஸ்ஆர்/ஷெயார்/டெசரக்ட்-ஓசிஆர்/4.00/டெஸ்டேட்டா போல்டரில் கிடந்தது. 5க்கும் அது பொருந்தும். சூடோ சிபி போட்டுப் பிரதி பண்ணியாயிற்று. ஒரு எம்பிகூடச் செலவில்லை.

டெசரக்ட் பக்கம்1.பிஎன்ஜி மலர் -எல் டாம்

மலர் என்ற பெயரில் ஒரு எழுத்துப் பைல் வந்தது. முதல் வரியை வாசித்துக் காட்டினான். “அதிபரின்” என்பதை “அதியரின்” என்று எடுத்திருந்தது. அடுத்ததாக ஸ்கேனின் டிபிஐயை, அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பதை, பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.